கற்பனை நாட்டுக்குச் சனத்தொகை அமைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

நாவலுக்கோ சித்திரக்கதைக்கோ கணினி விளையாட்டுக்கோ ஒரு நாட்டை உருவாக்குகிறவர்களில் அநேகர், சனத்தொகை என்றதும் முதலில் எழுதுவது இன வீதங்களைத்தான். "கரையார் 60, மலையார் 25, தீவார் 15" என்று ஒரு வட்டப்படம் போட்டுவிடுவார்கள். இருபது பக்கம் போனதும் கதை இடறத் தொடங்கும். இத்தனை பேர் எதைச் சாப்பிடுகிறார்கள்? யுத்தத்தில் அத்தனை பேர் இறந்தும் ஊரில் ஆண்கள் ஏன் குறையவில்லை? வாசகர் கேட்கும் இந்தக் கேள்விகளுக்கு வட்டப்படத்தில் பதில் இராது.

மட்டக்களப்பில் கதை எழுதப் பழகும் இளையவர்களோடு உட்கார்ந்து இதைச் செய்துபார்த்ததில் எனக்கு உறுதியான ஒன்று, இந்த வேலையில் ஒழுங்கு முக்கியம் என்பதுதான். நிலம், தொகை, குடியிருப்பு, வயது, வீடு, இடப்பெயர்வு என்று போய், இனமும் மொழியும் சமயமும் கடைசிப் பக்கமாக வரவேண்டும். ஒவ்வொரு படியும் அடுத்த படிக்கு எல்லை போடும். உதாரணத்துக்குக் கண்டல்நாடு என்று ஒரு நாட்டை வைத்துக்கொள்வோம். பரப்பு 12,000 சதுர கிலோமீற்றர். ஒரு பக்கம் கடல், நடுவில் வாவி, பிறகு வயல்வெளி, பின்னால் மலை.

1. தொடங்குமுன் கையில் இருக்கவேண்டியவை

அளவுகோல் குறித்த வரைபடம் ஒன்று வேண்டும். அழகாக இருக்கத் தேவையில்லை. ஒரு சென்ரிமீற்றர் எத்தனை கிலோமீற்றர் என்று தெரிந்தால் போதும். அது இல்லாவிட்டால் அடர்த்தியைக் கணக்கிட முடியாது.

கடந்த 100 ஆண்டுகளில் நடந்த ஐந்தாறு பெரிய சம்பவங்களின் பட்டியல் வேண்டும்: யுத்தம், பஞ்சம், கொள்ளைநோய், புதிய குளம், எல்லை மாற்றம். கூடவே, கதையின் "இன்று" எந்த ஆண்டு என்பதை முடிவுசெய்து பக்கத்தின் தலையில் எழுதிவிடுங்கள். எல்லா வயதும் அந்த ஆண்டிலிருந்து கழித்து வருவதால் அது அசையக்கூடாது.

ஒப்பிட்டுப்பார்க்க உங்களுக்குத் தெரிந்த உண்மையான இடம் ஒன்றும் வேண்டும். எங்களுக்கு மட்டக்களப்பும் அம்பாறையும் போதும். 2012 குடிசன மதிப்பீட்டின்படி மட்டக்களப்பு மாவட்டத்தில் சுமார் 5 இலட்சத்து 26 ஆயிரம் பேர், அம்பாறை மாவட்டத்தில் சுமார் 6 இலட்சத்து 49 ஆயிரம் பேர். இலட்சம் என்ற சொல்லுக்குப் பின்னால் எத்தனை ஊர், எத்தனை சந்தை, எத்தனை பள்ளிக்கூடம் இருக்கிறது என்பது கண்ணுக்குப் பழகிய இடத்தில்தான் புரியும்.

கொப்பியும் பேனையும் போதும். எக்செல் இருந்தால் திருத்துவது சுலபம்.

2. நிலம் எத்தனை பேருக்குச் சோறு போடும்?

மொத்தத் தொகையை மனத்தில் தோன்றியபடி எழுதாதீர்கள். வயலிலிருந்து வரட்டும்.

கண்டல்நாட்டில் ஐந்தில் ஒரு பங்கு பயிர்நிலம். அது 2,400 சதுர கிலோமீற்றர், அதாவது ஏறத்தாழ 6 இலட்சம் ஏக்கர். அதில் பாதி நெல்வயல் என்றால் 3 இலட்சம் ஏக்கர். பழைய விதைநெல், மழையை நம்பிய பெரும்போகம் மட்டும், ஏக்கருக்கு 600 கிலோ நெல் என்று வைத்துக்கொள்வோம். விதைக்கு எடுத்து, எலியும் புழுவும் தின்றது போக 500 கிலோ மிஞ்சும். குத்தினால் சுமார் 325 கிலோ அரிசி. சோறே முக்கிய உணவான நாட்டில் ஒருவருக்கு ஆண்டுக்கு 120 கிலோ என்று பிடித்தால், ஏக்கர் ஒன்று இரண்டே முக்கால் பேருக்குக் காணும். ஆக, 8 இலட்சம் பேர்.

வயலில் மூன்றில் ஒரு பங்குக்குக் குளத்துத் தண்ணீர் கிடைத்துச் சிறுபோகமும் செய்தால் இன்னும் 2 இலட்சத்து 70 ஆயிரம் பேர். சேனைக் குரக்கன், மரவள்ளி, வாவி மீன் எல்லாம் சேர்த்தால் மொத்தம் 12 இலட்சம் என்று எழுதலாம். சதுர கிலோமீற்றருக்கு 100 பேர்.

இங்கே இரண்டு பிழைகளை அடிக்கடி பார்க்கிறேன். ஒன்று, மலையும் காடும் சதுப்பும் உட்பட முழுப் பரப்பையும் பயிர்நிலமாக எடுத்துக்கொள்வது. மற்றது, இன்றைய விளைச்சலை நானூறு வருடத்துக்கு முந்திய கதைக்குள் கொண்டுபோவது. புதிய விதையும் உரமும் உள்ள வயல் ஏக்கருக்கு 1,600 கிலோவுக்கு மேலும் தரும். அப்போது அதே ஏக்கர் எட்டுப் பேருக்குச் சோறு போடும். ஆகவே விதை மாறிய ஆண்டு எது என்பது உங்கள் நாட்டின் வரலாற்றில் ஒரு யுத்தத்துக்குச் சமமான சம்பவம். அதைப் பட்டியலில் சேருங்கள்.

வெளியிலிருந்து அரிசி இறக்கும் நாடானால், அதற்கு ஈடாக எதை ஏற்றுகிறது என்று எழுதுங்கள். அது இல்லாமல் மேலதிகத் தொகையை அனுமதிக்காதீர்கள்.

3. வளர்ச்சி வேகம்

ஆண்டுக்கு ஆயிரம் பேருக்கு எத்தனை பிறப்பு, எத்தனை இறப்பு என்று இரண்டு எண்களை எழுதுங்கள். கண்டல்நாட்டில் பிறப்பு 30, இறப்பு 15. வித்தியாசம் ஆயிரத்துக்கு 15, அதாவது 1.5 வீதம். 70ஐ அந்த வீதத்தால் வகுத்தால், தொகை இரட்டிப்பாக எத்தனை ஆண்டு என்பது கிடைக்கும். இங்கே ஏறத்தாழ 47 ஆண்டு.

இந்த ஒரு கணக்கே பல கதைகளைத் திருத்திவிடும். "3 இலட்சம் பேர் கப்பலில் வந்து இறங்கினார்கள், நூறு ஆண்டில் 1 கோடியானார்கள்" என்று ஒருவர் எழுதினால், அதற்கு நூறு ஆண்டும் இடைவிடாமல் 3.5 வீத வளர்ச்சி வேண்டும். பஞ்சமும் அம்மையும் மலேரியாவும் உள்ள நாட்டில் அது நடக்காது.

பிறப்பும் இறப்பும் ஒன்றாகக் குறைவதில்லை. முதலில் இறப்பு குறையும். பிறப்பு குறைய ஒரு தலைமுறையாவது பிடிக்கும். இலங்கையில் 1946இல் ஆயிரத்துக்கு 20 அளவில் இருந்த இறப்பு வீதம் அடுத்த ஆண்டே 14 அளவுக்கு இறங்கியது. மலேரியாவுக்கு எதிராக டி.டி.ரி. பூச்சிகொல்லி தெளித்தது அதற்கு ஒரு முக்கிய காரணம். பெண்ணொருவர் பெறும் பிள்ளைகளின் சராசரியோ 1950களிலும் 5க்கு மேல்தான் இருந்தது. அந்த இடைவெளியில்தான் சனத்தொகை பெருகுகிறது. உங்கள் நாடு அந்த இடைவெளிக்கு முன்னே நிற்கிறதா, உள்ளே நிற்கிறதா, தாண்டிவிட்டதா என்று தீர்மானியுங்கள். அடுத்த படிகள் எல்லாம் அந்தப் பதிலில் தங்கியிருக்கின்றன.

4. ஆட்களைக் குடியிருத்துதல்

12 இலட்சம் பேரைச் சமமாகப் பரப்பாதீர்கள். தண்ணீரும் தொழிலும் பாதையும் இருக்கும் இடத்தில்தான் சனம் சேரும். மட்டக்களப்பு வாவியின் இரு கரையையும் பாருங்கள். கிழக்கே எழுவான்கரையில் கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிய நிலத்தில் ஊரும் ஊரும் முட்டிக்கொண்டு நிற்கின்றன. மேற்கே படுவான்கரையில் வட்டை வட்டையாக வயல், இடையிடையே ஊர்கள். கண்டல்நாட்டின் கரையோரத்தில் சதுர கிலோமீற்றருக்கு 500 பேர், வயல்வெளியில் 120, மலையில் 20 என்று போடலாம்.

நகரங்களைச் சுருக்கமாக முடித்துவிடுங்கள். இயந்திரம் வராத விவசாய நாட்டில் பத்தில் ஒருவர் நகரவாசி என்றால் 1 இலட்சத்து 20 ஆயிரம். தலைநகருக்கு 45 ஆயிரம், அடுத்ததற்கு 22 ஆயிரம், பிறகு 14, 10 ஆயிரம், மிச்சம் சின்னச் சின்ன பசார்களுக்கு. தலைநகரில் ஐந்து இலட்சம் பேரை வைக்க ஆசைப்படுகிறவர், அவர்களுக்கு அரிசி ஏற்றிவரும் வண்டிகளையும் தோணிகளையும் எண்ணிப்பார்க்கட்டும்.

5. வயதும் பாலும்

பலரும் தாண்டிப்போகும் படி இதுதான். கதைக்கு அதிகம் தருவதும் இதுதான்.

முதலில் மூன்று பெரிய பிரிவு: 15 வயதுக்கு உட்பட்டோர் 35 வீதம், 15 முதல் 59 வரை 57, 60க்கு மேல் 8. கண்டல்நாட்டில் முறையே 4 இலட்சத்து 20 ஆயிரம், 6 இலட்சத்து 84 ஆயிரம், 96 ஆயிரம். இது மூன்றாம் படியோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். ஆயிரத்துக்கு 30 பிறப்பு என்றால் இப்போது ஆண்டுக்கு 36,000 பிள்ளைகள். சில ஆண்டுக்கு முன் தொகையே குறைவாக இருந்ததால் பிறப்பும் கொஞ்சம் குறைவு. 15 ஆண்டுக்கும் கூட்டினால் ஐந்து இலட்சத்துக்குக் கிட்ட வரும். சின்ன வயதில் இறந்தவர்களைக் கழித்தால் 4 இலட்சத்து 20 ஆயிரம். சரி, பொருந்துகிறது. பொருந்தாவிட்டால் இரண்டில் ஒன்றைத் திருத்தாமல் மேலே போகவேண்டாம்.

அடுத்து, ஐந்தைந்து வயதாகப் பிரித்துக் குடித்தொகைக் கூம்பகம் வரையுங்கள். ஒவ்வொரு வயதுப் பிரிவுக்கும் ஒரு பட்டை, ஆட்கள் கூடினால் பட்டை நீளும், குழந்தைகள் அடியில். இடப்பக்கம் ஆண், வலப்பக்கம் பெண். பிறக்கும்போது 100 பெண் பிள்ளைகளுக்கு 105 ஆண் பிள்ளைகள் அளவில் இருப்பார்கள். வயது ஏற ஏற அந்த வித்தியாசம் கரைந்து, முதுமையில் பெண்கள் கூடுவார்கள்.

இனிச் சம்பவப் பட்டியலை எடுத்துக் கூம்பகத்தில் தழும்புகளைப் போடுங்கள். கண்டல்நாட்டில் நான்கு ஆண்டு நடந்த யுத்தம் 30 ஆண்டுக்கு முன் முடிந்தது. அப்போது 18 முதல் 30 வயதுக்குள் இருந்த ஆண்கள் பெருந்தொகையாக இறந்தார்கள். புதிதாகச் செய்கிறவர்கள் அந்தப் பள்ளத்தை இன்றைய 18–30 வயதில் வெட்டுவார்கள். அந்த ஆண்கள் இருந்திருந்தால் இன்று அவர்களுக்கு 48 முதல் 60 வயது. பள்ளம் அங்கேதான் வரவேண்டும். அது ஆண் பக்கத்தில் மட்டும். பெண் பக்கத்தில் அதே வயதில் கைம்பெண்களும் கலியாணமாகாமல் நின்றவர்களும் இருப்பார்கள். யுத்த ஆண்டுகளில் பிறப்பும் குறைந்திருக்கும் என்பதால், இன்றைய 30–34 வயதில் இரண்டு பக்கமும் இன்னொரு பள்ளம். அந்த வயதுத் தாய்மார் குறைவு என்பதால் அவர்களுடைய பிள்ளைகளின் வயதில் மூன்றாவதாக ஒரு மெல்லிய பள்ளம். ஒரே யுத்தம், மூன்று தழும்பு.

எல்லா அழிவும் ஒரே ஆட்களைக் கொண்டுபோவதில்லை. யுத்தம் இளம் ஆண்களை அதிகம் எடுக்கும். பஞ்சம் கைக்குழந்தைகளையும் வயோதிபர்களையும் எடுக்கும். 2004 டிசம்பர் 26 கடற்கோளில் இலங்கையிலேயே அதிக உயிரிழப்பைக் கண்டது அம்பாறை மாவட்டம். அங்கே பெண்களும் பிள்ளைகளும் முதியோரும் ஆண்களைவிடக் கூடுதலாக இறந்தார்கள். காலை நேரம், கரையோர வீடுகள், நீச்சல் தெரிந்தவர் யார், கையில் பிள்ளையோடு ஓடியவர் யார் என்பவையெல்லாம் அந்த வித்தியாசத்துக்குள் இருக்கின்றன. உங்கள் நாட்டில் ஓர் அழிவை எழுதும்போது "பத்தாயிரம் பேர் இறந்தனர்" என்று நிறுத்தாதீர்கள். எந்த வயது, ஆணா பெண்ணா, ஏன் என்று மூன்று வரி சேருங்கள். இறந்தவர்களுக்கு நாம் செய்யவேண்டிய குறைந்தபட்ச மரியாதையும் அதுதான் என்று நினைக்கிறேன்.

இன்னொரு பிழை: ஆயுள் எதிர்பார்ப்பு 30 என்றால் முப்பதோடு எல்லோரும் இறந்துவிடுவார்கள் என்று எண்ணி, ஊரில் கிழவரே இல்லாமல் எழுதுவது. அந்தச் சராசரியை இறக்குவது பெரும்பாலும் குழந்தை மரணம். சின்ன வயதைத் தாண்டியவர்களில் பலர் 50, 60ஐக் காண்பார்கள். பூசாரியும் மருத்துவிச்சியும் நரைத்த தலையோடு இருக்கலாம்.

6. வீடும் கலியாணமும்

ஒரு வீட்டில் எத்தனை பேர் என்று எழுதுமுன், கலியாணம் கட்டியதும் யார் யார் வீட்டுக்குப் போகிறார் என்று எழுதுங்கள். மட்டக்களப்புப் பகுதியில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் மாப்பிள்ளை பெண்வீட்டுக்குப் போவதும், வீடு மகளுக்குச் சீதனமாகப் போவதும் வழக்கம். அதனால் அக்காவும் தங்கையும் ஒரே வளவிலோ பக்கத்து வளவிலோ இருப்பார்கள். மூன்று பெண் பிள்ளைகள் என்றால் மூன்று வீடு கட்டவேண்டும், வளவு மூன்றாகப் பிரியும். கரையோர ஊர்களின் நெருக்கத்துக்கு அதுவும் ஒரு காரணம். மகன்மாருக்கு நிலம் பிரியும் நாட்டில் ஊரின் அமைப்பு வேறு.

கண்டல்நாட்டில் வீட்டுக்கு ஐந்து பேர் வைத்தால் 2 இலட்சத்து 40 ஆயிரம் வீடு. அதில் பெண் தலைமை தாங்கும் வீடு எத்தனை என்பதை ஐந்தாம் படியின் 48–60 பள்ளத்தைப் பார்த்து எழுதுங்கள். தனியாக ஓர் எண் கண்டுபிடிக்கத் தேவையில்லை.

7. வந்தவர், போனவர்

நிலம் 12 இலட்சத்தோடு நிறைந்துவிட்டது, வளர்ச்சியோ 1.5 வீதம். மிஞ்சுகிறவர்கள் எங்கே போவார்கள்? புதிய குளம் வெட்டிக் குடியேற்றம் நடக்கலாம், கடல் கடந்து உழைக்கப் போகலாம், பசி வரலாம். ஒன்றைத் தெரிவுசெய்யுங்கள்.

குடியேற்றம் என்றால் எங்கிருந்து, எந்த ஆண்டு, யார் நிலத்துக்குப் பக்கத்தில் என்று எழுதுங்கள். கிழக்கில் 1949இல் தொடங்கிய கல்லோயா நீர்ப்பாசனக் குடியேற்றத் திட்டம் தண்ணீரை மட்டும் கொண்டுவரவில்லை. வேறு மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறியவர்களால் அம்பாறைப் பகுதியின் இனக் கணக்கையே மாற்றியது. குளம் கட்டிய கதையில் ஆட்களை எண்ணாமல் விட்டால் அடுத்த ஐம்பது ஆண்டு அரசியல் விளங்காது.

உழைக்கப் போகிறார்கள் என்றால் கூம்பகத்தில் 20–45 வயதிலிருந்து கழியுங்கள். ஆண்களா, வீட்டு வேலைக்குப் போகும் தாய்மாரா என்பதைப் பொறுத்து, பிள்ளைகளை அம்மம்மா வளர்க்கும் வீடுகள் எத்தனை என்பதும் மாறும்.

8. இனம், மொழி, சமயம்

இப்போதுதான் வட்டப்படம். அதுவும் ஒன்று போதாது, மூன்று வேண்டும். இனம், மொழி, சமயம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அட்டவணை போடுங்கள்.

ஓர் இனம், ஒரு மொழி, ஒரு சமயம் என்று மூன்றையும் ஒரே கோட்டில் அடுக்குவதுதான் இந்தப் படியின் பெரிய பிழை. கிழக்கில் பிறந்த யாருக்கும் அது அப்படி இல்லை என்று தெரியும். தமிழரும் முஸ்லிம்களும் ஒரே மொழி பேசுகிறார்கள், தாய்வழியாக வரும் குடி முறையையும் பகிர்கிறார்கள், ஆனால் தங்களை இரண்டு சமூகமாகவே கொள்கிறார்கள். தமிழருள் இந்துக்களும் கத்தோலிக்கரும் மெதடிஸ்தரும் உண்டு. மட்டக்களப்புப் பறங்கியர் (போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் வழிவந்தவர்கள்) பெரும்பாலும் கத்தோலிக்கர். அவர்களில் முதியோர் சிலரிடம் போர்த்துக்கேயம் கலந்த மொழி இன்னும் இருக்கிறது, தெருவில் பேசுவது தமிழ். வாகரைப் பக்கத்துக் கரையோர வேடர் தமிழ் பேசுகிறார்கள். கண்டல்நாட்டிலும் மொழி ஒன்றான இரண்டு சமூகத்தையும், சமயம் ஒன்றான இரண்டு மொழியினரையும் வையுங்கள். யார் யாரோடு சந்தையில் பேசுவார், யார் யாருக்குப் பெண் கொடுக்கமாட்டார் என்பது தானாகவே வரும்.

ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒரு வேர் இருக்கவேண்டும்: எங்கிருந்து வந்தது என்று ஏழாம் படியில் ஒரு வரி, இரண்டாம் படியில் ஒரு தொழில், நான்காம் படியில் ஓர் இடம். மூன்றில் ஒன்றும் இல்லாத சமூகம் பெயர் மட்டும்தான், அதை எடுத்துவிடுங்கள்.

அப்புறம், மாவட்ட வீதத்தை ஊருக்குப் பூசாதீர்கள். 2012இல் அம்பாறை மாவட்டத்தில் முஸ்லிம்கள் சுமார் 43 வீதம், சிங்களவர் 39, தமிழர் 17. இதைப் படித்துவிட்டு ஒவ்வொரு தெருவிலும் இந்தக் கலவை இருக்கும் என்று எழுதினால் முழுப் பிழை. உகணை, தெகியத்தகண்டி சிங்கள ஊர்கள். நிந்தவூர், சம்மாந்துறை முஸ்லிம் ஊர்கள். திருக்கோவில், காரைதீவு தமிழ் ஊர்கள். கரையோரப் பாதையில் பஸ்ஸில் போனால் ஊர் மாறி ஊர் மாறி வரும். எல்லை ஒரு மதகாகவோ ஒழுங்கையாகவோ இருக்கும். கலவை எங்கே நடக்கிறது என்று தேடிப் பாருங்கள்: சந்தை, ஆஸ்பத்திரி, வயலில் போடியாருக்கும் (நிலச் சொந்தக்காரர்) வேலைக்காரருக்கும் இடையில், பஸ் தரிப்பிடம். கதை நடக்கவேண்டிய இடங்களும் அவைதான்.

9. எண்ணியவர் யார்?

அட்டவணையை யாரோ ஒருவர் எண்ணியிருக்கிறார். அன்றிரவு எங்கே படுத்தாரோ அங்கே எண்ணுவதா, வழக்கமாக எங்கே வாழ்கிறாரோ அங்கே எண்ணுவதா என்று முடிவெடுங்கள். கடலில் நிற்கும் மீனவரும் வெளிநாட்டில் இருக்கும் தாயும் அதைப் பொறுத்துக் கூடுவார்கள் அல்லது குறைவார்கள்.

எந்தப் பெட்டிகளில் எண்ணினார் என்பதும் முக்கியம். இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்ற பிரிப்பு 1911 கணக்கெடுப்பில் வந்தது. எல்லை எங்கே போகிறது என்பதும் அப்படியே. 1961இல் மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து அம்பாறை பிரிந்தபோது, ஒருவரும் வீடு மாறாமலே மாவட்ட வீதங்கள் மாறின.

வெற்றிடமும் இருக்கட்டும். யுத்தம் காரணமாக 1991இல் கணக்கெடுப்பு நடக்கவில்லை. 2001இல் மட்டக்களப்பு முழுமையாக எண்ணப்படவில்லை. 1981க்குப் பிறகு முழுமையான தேசியக் குடிசன மதிப்பீட்டை மட்டக்களப்பு கண்டது 2012இல்தான். கண்டல்நாட்டிலும் யுத்தம் நடந்த மாகாணத்துக்கு ஒரு நிரல் வெறுமையாக நிற்கவேண்டும். எல்லாக் கட்டமும் நிரம்பிய அட்டவணை, யுத்தமே நடக்காத நாட்டின் அட்டவணை.

10. ஓர் ஊரை எடுத்துச் சோதித்தல்

இலங்கையில் நிர்வாகத்தின் மிகச் சிறிய அலகு கிராம சேவையாளர் பிரிவு. அப்படிச் சுமார் 14,000 பிரிவுகள். சராசரியாகப் பிரிவுக்குச் சுமார் 1,500 பேர். கண்டல்நாட்டிலும் 1,500 பேர் கொண்ட ஓர் ஊரை எடுங்கள். கரைச்சேனை என்று வைப்போம்.

300 வீடு. 15 வயதுக்கு உட்பட்டோர் 525, 60க்கு மேல் 120. ஆண்டுக்கு 45 பிறப்பு, அதாவது எட்டு நாளுக்கு ஒருமுறை மருத்துவிச்சியைக் கூப்பிட ஆள் வரும். 22 செத்தவீடு, மாதத்துக்கு ஏறத்தாழ இரண்டு. பள்ளிக்கூடம் இருந்தால் முதலாம் வகுப்பில் 35, 40 பிள்ளைகள், ஒரே வகுப்பறை. 48 முதல் 60 வயதுக்குள் உள்ள ஆண்களை ஒவ்வொருவராக எண்ணிவிடலாம். அவர்கள் ஏன் தப்பினார்கள் என்பது ஊருக்கே தெரிந்திருக்கும்.

இந்த ஊரில் உங்கள் பாத்திரங்களை நடக்கவிடுங்கள். ஒரே மாதத்தில் பத்துக் கலியாணம் தேவைப்படுகிறதா, படைக்கு 400 இளைஞர் தேவைப்படுகிறார்களா என்று பாருங்கள். படைக்குத் தேவையான அத்தனை ஆண்கள் ஊரில் இல்லையென்றால், படையைக் குறையுங்கள் அல்லது பல ஊர்களிலிருந்து சேருங்கள். நாட்டின் தொகையையே கூட்டத்தான் வேண்டும் என்றால், எட்டாம் படியின் வீதங்களை மட்டும் தட்டித் திருத்திவிட்டுப் போகாமல், இரண்டாம் படிக்குத் திரும்பி, மேலதிகமாக வரும் ஆட்களுக்கு வயலும் தண்ணீரும் எங்கிருந்து என்று எழுதி, அங்கிருந்து கீழே கணக்கை மறுபடி போட்டுக்கொண்டு வாருங்கள்.